தட்டுக்கு வாரண்டி உண்டு, தகவலுக்கு?

(மைசூரு கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வெளியூர் அங்கத்தினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தந்திருக்கிறேன்.)



போன மாதம் இதே மேடையில் அருமையான உபன்யாசம் நடந்தது. இந்த மாதம் ஹார்ட் டிஸ்க் வாரண்டி. செயலாளருக்குத் தைரியம் ஜாஸ்தி. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளைக்குப் பூணூல் போட்ட வீடியோ இப்போது எங்கே இருக்கிறது? அப்பாவின் சதாபிஷேக போட்டோக்கள்? பெண்ணின் ஜாதகம், ஊர் நிலத்தின் பத்திர நகல், பத்து வருஷ வருமான வரிக் கணக்கு? டிரங்குப் பெட்டி என்று சொல்பவர் இங்கே இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கெல்லாம் மேஜை டிராயரில், பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு டப்பா கிடக்கும். அதுதான் இன்றைக்கு விஷயம்.

நான் பத்தொன்பது வருஷம் வாரண்டி கவுண்டரின் உள்பக்கம் உட்கார்ந்தவன். டிஸ்க் தயாரிக்கும் கம்பெனிகளுக்காகப் பழுதானதை வாங்கிக்கொண்டு மாற்று கொடுக்கிற ஒரு சர்வீஸ் நிறுவனம். கொஞ்ச காலம் பெங்களூர், மீதி மைசூர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இத்தனை வருஷமும் ஜனங்கள் கோபத்தோடு நிற்கிற அந்தப் பக்கத்தை நான் எதிரிலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் பாதிக் கோபம் நியாயமானது.

முதலில் வஸ்து என்ன என்று இரண்டு வார்த்தை. 1956-ல் ஐபிஎம் கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. அதில் கொள்ளுவது 50 லட்சம் எழுத்து, அதாவது இன்றைய செல்போனில் எடுக்கிற ஒரு நல்ல போட்டோ அளவு. இன்றைக்கு உள்ளங்கை அகல டப்பாவில் அதைவிடப் பல லட்சம் மடங்கு கொள்கிறது. தத்துவம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது, அதன்மேல் ஒரு முனை படாமல் மிதந்து படிக்கிறது, எழுதுகிறது. நிமிஷத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120. முனைக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. சிகரெட் புகையின் துகள்கூட அதில் நுழைய முடியாத அளவு. ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து ஒரு தரம் விழுந்தால் போதும். கிராமபோன் முள் இசைத்தட்டைக் கீறுகிற மாதிரி முனை தட்டைக் கீறிவிடும். ‘டிக், டிக், டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாமே என்று பத்துத் தரம் போட்டுப் பார்ப்பதில்தான் மிச்சமிருப்பதும் போகிறது.

சரி, வாரண்டிக்கு வருவோம்.

கவுண்டருக்கு வருகிறவர் நினைப்பது ஒன்று, வாரண்டிச் சீட்டில் எழுதியிருப்பது வேறு. ‘மூன்று வருஷ வாரண்டி’ என்றால் என் போட்டோக்களுக்கு மூன்று வருஷம் கவலையில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சீட்டின் அர்த்தம் அது இல்லை. மூன்று வருஷத்துக்குள் டிஸ்க் கெட்டால் வேலை செய்கிற வேறொரு டிஸ்க் தருவோம், அவ்வளவுதான். உள்ளே இருந்த தகவலுக்குப் பொறுப்பில்லை என்று எல்லாக் கம்பெனியும் கண்ணுக்குத் தெரியாத எழுத்திலாவது அச்சடித்திருக்கிறது. வருகிற டிஸ்க்கும் புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வேறு யாரிடமிருந்தோ திரும்பி வந்து, பழுது பார்த்து, சோதித்து, புது லேபிள் ஒட்டிய டிஸ்க்காகவே பெரும்பாலும் இருக்கும். மாற்றி வந்த டிஸ்க்குக்கு மறுபடி முதலிலிருந்து மூன்று வருஷம் கிடைக்காது. பழையதில் பாக்கியிருந்த காலமோ, தொண்ணூறு நாளோ, எது அதிகமோ அது என்பதுதான் பொதுவான வழக்கம்.

ஒரு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைசூர்க்காரர்தான், பெயர் வேண்டாம். அவர் மாமனார் வேத அத்யயனம் செய்தவர். அவர் சொன்ன பாராயணத்தை மாமியின் அகத்துக்காரர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே டிஸ்க்கில் போட்டார். மொத்தம் 74 பதிவுகள். இடத்தை அடைக்கிறது என்று கேசட்டுகளை அப்புறப்படுத்தியாகிவிட்டது. அடுத்த வருஷம் அவரும் காலமாகிவிட்டார். பதினான்காம் மாதம் டிஸ்க் நின்றது.

மாமி ரசீதோடு வந்தார். ரசீது ஒழுங்காக இருந்தது, வாரண்டி பாக்கி இருந்தது, டிஸ்க்கில் கீறல் இல்லை. என் கணக்கில் ஐந்து நிமிஷத்தில் முடிகிற கேஸ். படிவத்தை நீட்டினேன். ‘மூணு வாரத்துல புது டிஸ்க் வந்துடும் மாமி’ என்றேன். அவர் கேட்டார்: ‘புது டிஸ்க் கடையிலயே கிடைக்கறதே. இதுல இருக்கற மாமனார் குரல் எப்போ வரும்?’

வராது என்று சொன்னேன். பழைய டிஸ்க் கம்பெனிக்குப் போய்விடும், திரும்பி வராது என்றும் சொன்னேன். அவர் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. டிஸ்க்கை மறுபடி மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. வாரண்டியில் மாற்று வாங்குவது ஒரு பாதை, தகவலை மீட்பது இன்னொரு பாதை. இரண்டும் பல சமயம் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் போகும். மாற்று வேண்டுமானால் பழுதான டிஸ்க்கை ஒப்படைக்க வேண்டும். தகவல் வேண்டுமானால் மீட்புக்கூடத்தில் கொடுத்து, தூசியில்லாத அறையில் திறந்து, முனையை மாற்றிப் படிக்க வேண்டும். திறந்த டிஸ்க்குக்கு வாரண்டி கிடையாது என்பது பொது விதி. சில தயாரிப்பாளர்கள் தாங்கள் ஏற்கிற மீட்புக்கூடத்தின் கடிதம் இருந்தால் விதிவிலக்குத் தருவார்கள். அதனால் திறப்பதற்கு முன்பே இரண்டு இடத்திலும் கேட்டுவிடுங்கள். தெருமுனைக் கடையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கிற பையனிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அவன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம். ஆனால் அவன் கடையில் தூசி இருக்கிறது.

மாமி பெங்களூரில் ஒரு மீட்புக்கூடத்தில் கொடுத்தார். டிஸ்க் வாங்கிய விலை நாலாயிரத்துச் சொச்சம். மீட்கக் கேட்டது முப்பத்தெட்டாயிரம். மாமியின் குடும்ப பென்ஷனில் அது எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொடுத்தார். 74-ல் 61 வந்தது. தட்டில் கீறல் விழுந்த இடத்தில் இருந்த 13 போயே போய்விட்டது.

கம்பெனிகள் தகவலுக்குப் பொறுப்பேற்க மறுப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். நாலாயிரம் ரூபாய்ப் பொருளை விற்பவன் விலைமதிப்பில்லாத ஒன்றுக்கு ஜாமீன் நிற்க முடியாது. பீரோ விற்றவன் உள்ளே வைத்த நகைக்கு ஜவாப் சொல்ல மாட்டான். ஆனால் செத்த டிஸ்க்கைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோதும் சம்மதமில்லை. அதில் உங்கள் பாங்க் கணக்கு இருக்கிறது, குடும்பப் போட்டோ இருக்கிறது. ஓடாத டிஸ்க்கில் அழிக்கவும் வழியில்லை. பெரிய ஆபீஸ்களுக்கு டெல், எச்.பி. போன்ற கம்பெனிகள் ஒரு சௌகரியம் வைத்திருக்கின்றன. கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால், மாற்றும் கிடைக்கும், கெட்ட டிஸ்க்கையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பாங்குகளும் ஆஸ்பத்திரிகளும் அதற்காகத்தான் பணம் கட்டுகின்றன. டிஸ்க்கைத் தனியாகக் கடையில் வாங்குகிற வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு வாய்ப்பைப் பெரும்பாலும் யாரும் நீட்டுவதில்லை. அவருக்கு மட்டும் ரகசியம் இல்லையா என்ன?

அதனால் என் யோசனை இது. டிஸ்க் தடுமாற ஆரம்பித்து, இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் நகல் எடுங்கள். பிறகு அழியுங்கள். அப்புறம்தான் வாரண்டிக்கு அனுப்ப வேண்டும். ஓடவே இல்லை, உள்ளே வெளியில் போகக்கூடாத சமாசாரம் இருக்கிறது என்றால் நாலாயிரத்தை மறந்துவிட்டு டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

வாரண்டிக் காலம் என்பதும் பிரம்மா எழுதின எழுத்தல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 2002-ல் சீகேட், மேக்ஸ்டார், வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பல ரகங்களுக்கு மூன்று வருஷ வாரண்டியை ஒரு வருஷமாகக் குறைத்தன. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். 2004-ல் சீகேட் திடீரென்று ஐந்து வருஷம் என்று அறிவித்தது. வியாபாரம் அள்ளிக்கொண்டு போனது. 2006-ல் மேக்ஸ்டாரையே விலைக்கு வாங்கிவிட்டது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். பாங்காக்குக்கு வடக்கே இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தது. உலகத்து டிஸ்க் உற்பத்தியில் பெரிய பங்கு அந்த நாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சென்னை ரிட்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோடிலும் விலை தாறுமாறாக ஏறியதை நான் பார்த்தேன். காலையில் சொன்ன விலை சாயங்காலம் கிடையாது. அந்த டிசம்பரில் இரண்டு பெரிய கம்பெனிகளும் வாரண்டியை மறுபடி குறைத்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் சில ரகங்களுக்கு மூன்றிலிருந்து இரண்டு, சீகேட் சில ரகங்களுக்கு ஒரே வருஷம். வெள்ளம் வடிந்தது, காலம் உடனே பழையபடி ஏறவில்லை. இன்று சுழலும் டிஸ்க் தயாரிக்கிற கம்பெனிகள் உலகத்தில் மூன்றே மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. இவரை விட்டால் அவர் என்று மிரட்ட நமக்கு இடமே இல்லை.

கம்பெனியைத் திட்டுவதோடு நிற்காமல் ஒரு நல்ல உதாரணமும் சொல்லியாக வேண்டும். 2008 கடைசியில் சீகேட்டின் பாரகுடா 7200.11 ரகத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. இரவு ஒழுங்காக அணைத்த கம்ப்யூட்டரைக் காலையில் போட்டால் டிஸ்க்கையே காணோம் என்று சொல்லும். தட்டு நன்றாக இருக்கிறது, முனை நன்றாக இருக்கிறது, எழுதியது ஒரு எழுத்துகூடப் போகவில்லை. டிஸ்க்குக்குள் பதித்திருக்கிற மென்பொருளில் பிசகு. அது தன் குறிப்பேட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்து நிற்கும்போது அணைத்துப் போட்டால் உறைந்துவிடும். பெட்டகத்தில் நகை பத்திரமாக இருக்கிறது, பூட்டுதான் திறக்கவில்லை. 2009 ஜனவரியில் கம்பெனி கோளாறை ஒப்புக்கொண்டது. திருத்திய மென்பொருளை இலவசமாகத் தந்தது. ஏற்கெனவே உறைந்துபோன டிஸ்க்குகளில் இருந்த தகவலையும் செலவில்லாமல் மீட்டுத் தருவதாகச் சொன்னது. முதலில் வெளியிட்ட திருத்தம் சில டிஸ்க்குகளை இன்னும் கெடுத்தது, அதை வாபஸ் வாங்கி வேறு கொடுத்தார்கள், அது வேறு கூத்து. இருந்தாலும் தகவலுக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்த அதே தொழிலில், பிசகு தன்னுடையது என்று தெரிந்ததும் தகவலை மீட்டுத் தருகிறேன் என்று ஒரு கம்பெனி சொன்னது. முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை ஞாபகப்படுத்தலாம்.

எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று காபிக்கு நடுவில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. 2007-ல் கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் வருஷத்தில் நூற்றுக்கு 1.7 கெட்டது, மூன்றாம் வருஷத்தில் அது 8.6-ஐத் தாண்டியது. டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே கணித்துக் கொடுக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற அறிக்கை ஒன்று உண்டு. கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல் அந்த அறிக்கையின் முக்கியமான நாலு குறிகளிலும் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே கெட்டன. நாடி பிடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே போகிற மாதிரி. அறிக்கை தப்பாகக் காட்டினால் நம்புங்கள், நன்றாகக் காட்டினால் நம்பாதீர்கள்.

இப்போது நம் ஜனங்கள் அதிகமாக மாட்டிக்கொள்கிற இடங்கள். முதலாவது, அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டு வந்த டிஸ்க். அங்கே தள்ளுபடியில் வாங்கி, முறுக்குக்குப் பதில் மாற்றாகப் பெட்டியில் வைத்து எடுத்து வருவான். இங்கே கெட்டுப்போனால் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்ப்போம். இந்தப் பிரதேசத்துக்கு உரியதல்ல என்று வரும். பல வாரண்டிகள் விற்ற பிரதேசத்தில்தான் செல்லும். அடுத்த தரம் அவன் வரும்வரை டிஸ்க் காத்திருக்க வேண்டும், அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும். இரண்டாவது, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த டிஸ்க். அதன்மேல் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் வாரண்டி கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியுடையது. டிஸ்க் கம்பெனிக் கவுண்டரில் நின்று பிரயோஜனமில்லை. மூன்றாவது, வெளியில் செருகுகிற டப்பாவைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் தனி டிஸ்க்குக்கு வாரண்டி கிடையாது. லேபிள் கிழிந்தாலும் அப்படித்தான். சுவாமி படத்தையோ பேரன் கொடுத்த ஸ்டிக்கரையோ சீரியல் எண்ணின் மேல் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது எண்ணும் சேர்ந்து வந்துவிடும், நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு டெராபைட் வாங்கினேன், 931 கிகாபைட்தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024, 1024-ஆக எண்ணுகிறது. பட்டணம் படி, சின்னப் படி மாதிரி. அமெரிக்காவில் இதற்கே கோர்ட்டுக்குப் போனார்கள்.

கோர்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. இங்கே 1891-ல் ஏற்பட்ட கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் எல்லோருக்கும் தெரியும். 1905-ல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஓலைக்கட்டு ஒன்றைக் கொண்டு வந்து அங்கே கொடுத்தார். அப்போது நூலகராக இருந்த ஆர். சாமசாஸ்திரி அதைப் படித்து, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டுபிடித்து, 1909-ல் பதிப்பித்தார். எல்லோரும் அதில் ராஜதந்திரத்தையும் ஒற்றர்களையும்தான் பேசுகிறார்கள். மூன்றாம் அதிகரணத்தில், வாங்கியதையும் விற்றதையும் திருப்புவது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. வியாபாரிகளுக்கு ஒரு ராத்திரி அவகாசம், உழவர்களுக்கு மூன்று, மாடு மேய்ப்பவர்களுக்கு ஐந்து. பொருளில் தோஷம் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. ஆக, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ரசீதின் அடியில் அச்சடிக்கிற கடைக்காரருக்கு நம் பழைய சாஸ்திரத்திலும் இடமில்லை.

புதுச் சட்டத்திலும் இல்லை. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் புதுச் சட்டம் இயற்றி, 2020 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளைக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது அதன்படி முறையற்ற வியாபாரம். ரசீது தராமல் இருப்பதும் அப்படியே. வாடிக்கையாளர் நம்பிக்கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வழியில் வெளியிடுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. இந்தக் கடைசி விதியை, ரிப்பேருக்கு டிஸ்க் கொடுக்கிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என்னவெல்லாம் கொடுத்தீர்கள், உள்ளே சொந்தத் தகவல் இருக்கிறது என்று எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

புதுச் சட்டத்தில் நமக்கு மிகவும் உபயோகமானது ஒன்று. புகார் கொடுக்க நீங்கள் குடியிருக்கிற ஊரின் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும், கடை டில்லியில் இருந்தாலும் மைசூரிலேயே வழக்கு. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டாத வழக்கை மூன்று மாதத்திலும், அனுப்ப வேண்டியதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பாருங்கள். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே வழிக்கு வந்துவிடுகின்றன. இந்த ஊரில் மைசூர் கிராஹகர பரிஷத் என்ற தன்னார்வ அமைப்பும் நுகர்வோர் விஷயத்தில் ரொம்ப நாளாகப் பாடுபட்டு வருகிறது.

ஒரு ரயில்வே பென்ஷன்காரர் கதை. வாரண்டியில் மாற்றிக் கொடுத்த டிஸ்க் கெட்டது. அதற்கு மாற்று வந்தது, அதுவும் கெட்டது. மூன்றாவதும் கெட்டது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு தரமும் ஒப்படைத்த தேதி, திரும்பி வந்த தேதி, சீரியல் எண், என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ரயில்வேயில் டைரி எழுதிப் பழகிய கை. அந்த நோட்டின் நகலை வைத்து, பதினைந்து நாளில் பணத்தைத் திருப்பாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன் என்று பதிவுத் தபாலில் ஒரே ஒரு பக்கக் கடிதம் எழுதினார். மேலிடத்திலிருந்து பதினோராம் நாள் பணம் வந்தது. கவுண்டரில் மேஜையைத் தட்டிக் கத்தினவர்கள் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வந்து நான் பார்த்ததில்லை. ஏனென்றால் கத்துவது கவுண்டரிலேயே நின்றுவிடும், காகிதம் மேலே போகும்.

நகல் எடுத்து வைப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எளிய வழி: மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். நமக்கு அதில் கஷ்டமே இல்லை, எல்லோருக்கும் பிள்ளையோ பெண்ணோ மாப்பிள்ளையோ வேறு ஊரில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், பொங்கலுக்கோ தசராவுக்கோ சந்திக்கும்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே ரகத்தில் ஒரே நாளில் மூன்றாக வாங்காதீர்கள். 7200.11 மாதிரி ஒன்று வந்தால் மூன்றும் சேர்ந்து உறையும். இப்போது வருகிற சுழலாத டிஸ்க் விழுந்தால் தாங்கும், ஆனால் மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்க ஏற்றதல்ல. எதுவானாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் செருகி, திறந்து, நாலு கோப்பையாவது ஓட்டிப் பாருங்கள். மாமி இப்போது மூன்று டிஸ்க்கில் வைத்திருக்கிறார்: ஒன்று இங்கே, ஒன்று சென்னையில் தங்கையிடம், ஒன்று டல்லாஸில் பிள்ளையிடம். போன அமாவாசைக்கு அவர் வீட்டில் அந்தப் பாராயணத்தைக் கேட்டேன். நடுவில் ஒரு இடத்தில் அடுத்த பதிவுக்குத் தாவிவிடும். அங்கே வரும்போது மாமி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்க் காபி கலந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள், வீட்டில் கிடக்கிற டிஸ்க்கின் சீரியல் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். வாரண்டி பாக்கி இருக்கிறதா, யாருடைய வாரண்டி என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். டிஸ்க்கை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம், எண் போதும். ரசீது அகப்பட்டால் முதலில் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கடைகளில் தருகிற அந்த வழுவழுப்பான காகிதத்தில் எழுத்து இரண்டு வருஷத்தில் மங்கிப்போய்விடும், வாரண்டியோ மூன்று வருஷம்.